மேக்குக்கு வந்த பிறகு: விண்டோக்களும் திரை இடமும்

விண்டோஸில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு மேக் வாங்கியவர்கள் முதல் வாரத்தில் சொல்லும் குறைகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். மூடும் பொத்தானை அழுத்தினாலும் செயலி மூடவில்லை. இரண்டு வேர்ட் ஃபைல்களுக்கு நடுவே பழையபடி மாறிப் போக முடியவில்லை. பச்சைப் பொத்தானைத் தொட்டால் டாக்கும் மெனுவும் சேர்ந்து காணாமல் போகின்றன. மினிமைஸ் செய்ததைத் திரும்பக் கொண்டுவர ஒவ்வொரு முறையும் மவுஸைத் தேட வேண்டியிருக்கிறது.

நான்கும் தனித்தனிக் கோளாறுகள்போலத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். விண்டோஸ் கணக்கில் வைப்பது விண்டோவை. மேக் கணக்கில் வைப்பது செயலியை. இந்த அத்தியாயத்தில் வருபவை பெரும்பாலும் இதிலிருந்து கிளைப்பவை. ஷார்ட்கட்களை மனப்பாடம் செய்யத் தொடங்கும் முன் இதை நிதானமாகப் புரிந்துகொள்ளுங்கள்.

விண்டோஸில் வேர்டில் மூன்று ஃபைல்களைத் திறந்தால் மூன்று விண்டோக்கள் வரும். ஒவ்வொன்றும் தன் மெனுவைத் தன் தலையிலேயே வைத்திருக்கும். மூன்றாவதையும் மூடிவிட்டால் வேர்டும் போய்விடும். மேக்கில் வேர்ட் என்பது ஒரே செயலி. அதன் மெனு திரையின் உச்சியில் இருக்கும். ஃபைல் ஒன்றுகூடத் திறந்திராவிட்டாலும் அங்கேயே இருக்கும். எந்தச் செயலியில் கிளிக் செய்கிறீர்களோ அதன் மெனு அந்த இடத்துக்கு வந்துவிடும். 1984இல் முதல் மேக்கின்டாஷ் வந்தபோதே மெனு திரை உச்சியில்தான் இருந்தது. குறி சிறியதாகவும் தொலைவாகவும் இருந்தால் கை அதை எட்ட அதிக நேரம் பிடிக்கும் என்பதை உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954இல் கணக்காகவே எழுதியிருந்தார். திரையின் விளிம்பில் இருக்கும் குறிக்கு ஒரு வசதி உண்டு: மவுஸை எவ்வளவு வேகமாக மேலே தள்ளினாலும் கர்சர் அந்த விளிம்பைத் தாண்டாது. மெனு அங்கே இருப்பது இப்போது தொலைவாகத் தோன்றலாம். ஒரு மாதம் போனால் கை தானாகவே மேலே போகும்.

விண்டோஸ் வந்த பாதை வேறு. 1985 நவம்பரில் வெளிவந்த விண்டோஸ் 1.0இல் செயலிகளின் விண்டோக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறவே முடியாது. பக்கம் பக்கமாக மட்டுமே நிற்கும். ஏறி நிற்கும் வசதி 1987இல் 2.0இல் வந்தது. 1995இல் டாஸ்க்பார் வந்தது; திறந்திருக்கும் ஒவ்வொரு விண்டோவுக்கும் அதில் ஒரு பட்டன். 2009இல் விண்டோஸ் 7, விண்டோவைத் திரையின் ஓரத்துக்கு இழுத்தால் பாதித் திரையில் ஒட்டிக்கொள்ளும் வசதியைக் கொடுத்தது. ஆகவே விண்டோஸில் வளர்ந்தவருக்கு இயல்பான நிலை என்றால் ஒரு விண்டோ முழுத் திரையை அடைத்திருப்பது, அல்லது இரண்டு விண்டோக்கள் சரிபாதியாக நிற்பது. மேக்கில் வளர்ந்தவருக்கு இயல்பான நிலை, ஒவ்வொரு விண்டோவும் தன் உள்ளடக்கத்துக்குத் தேவையான அளவில் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து கிடப்பது. ஓரத்துக்கு இழுத்து ஒட்டும் வசதி மேக்கில் தானாகவே கிடைக்கத் தொடங்கியது 2024 செப்டம்பரில் வந்த செக்கோயா பதிப்பிலிருந்துதான்.

மூடுவது, மறைப்பது, முடிப்பது

சிவப்புப் பொத்தான் விண்டோவை மூடும். செயலி ஓடிக்கொண்டிருக்கும். டாக்கில் ஐகானுக்குக் கீழே ஒரு சிறு புள்ளி தெரிந்தால் அந்தச் செயலி இன்னும் ஓடுகிறது என்று பொருள். விண்டோவை மட்டும் மூட கமாண்ட்-டபிள்யூ. செயலியையே முடிக்க கமாண்ட்-கியூ. சிஸ்டம் செட்டிங்ஸ் போல ஒரே விண்டோ மட்டும் உள்ள சில செயலிகள் சிவப்புப் பொத்தானிலேயே முடிந்துவிடும். அவை விதிவிலக்கு.

மெமரி வீணாகுமே என்று விண்டோஸ் பழக்கத்தில் எல்லாவற்றையும் கமாண்ட்-கியூ கொடுத்து முடிப்பவர்கள் உண்டு. அதற்கு அவசியமில்லை. பயன்பாட்டில் இல்லாத மெமரியைச் சுருக்கி வைக்கும் வேலையை 2013இலிருந்தே மேக் தானாகச் செய்கிறது. மெயில், நோட்ஸ், பிரிவியூ போன்றவை விண்டோ இல்லாமல் சும்மா ஓடிக்கொண்டிருந்தால் பாதகமில்லை. 8 ஜிபி மெமரி உள்ள கணினியில் ஃபோட்டோஷாப்பும் நூறு டேப் திறந்த பிரவுசரும் சேர்ந்து ஓடும்போது மட்டும் வேலை முடிந்ததை முடித்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. கீபோர்டில் கியூவும் டபிள்யூவும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரு டேப்பை மூடப் போய் முழு பிரவுசரையும் முடித்துவிடுவது புதியவர்களுக்கு அடிக்கடி நேரும். குரோம் பிரவுசரில் மெனு பாரில் உள்ள குரோம் மெனுவைத் திறந்தால், முடிக்கும் முன் எச்சரிக்கும்படி ஒரு தெரிவு இருக்கிறது. அதை முதல் நாளே டிக் செய்துவிடுங்கள்.

அடுத்தது மஞ்சள் பொத்தான். இதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. மஞ்சளை அழுத்தினால் விண்டோ டாக்கின் வலக்கோடிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு கமாண்ட்-டேப் அழுத்தி அந்தச் செயலிக்குத் திரும்பினால் மேலே மெனு மாறும், விண்டோ மட்டும் எழுந்து வராது. காரணம் தொடக்கத்தில் சொன்னதுதான்: கமாண்ட்-டேப் உங்களைக் கூட்டிப்போவது செயலிக்கு, நீங்கள் கீழே இறக்கி வைத்ததோ ஒரு விண்டோவை. கமாண்ட்-டேப்பில் ஐகானைத் தேர்ந்த பிறகு ஆப்ஷன் கீயையும் அழுத்திக்கொண்டு கமாண்டை விட்டால் அது எழுந்து வரும். ஆனால் தினமும் இந்த விரல் பயிற்சி தேவையா?

மஞ்சளுக்குப் பதிலாக கமாண்ட்-ஹெச் பழகுங்கள். செயலியின் எல்லா விண்டோக்களும் ஒரு நொடியில் மறையும். கமாண்ட்-டேப்பில் திரும்பினால் எங்கே, எந்த அளவில் இருந்தனவோ அப்படியே வந்து நிற்கும். ஆப்ஷன்-கமாண்ட்-ஹெச் அழுத்தினால் நீங்கள் இப்போது வேலை செய்யும் செயலியைத் தவிர மற்ற எல்லாம் மறையும். திரை குப்பையாகிவிட்டது என்று தோன்றும் எந்த நேரத்திலும் இந்த ஒன்று போதும். மேக்கில் எனக்கு மிகவும் பிடித்த ஷார்ட்கட் இது. மறைத்த செயலிகளின் விண்டோக்கள் எல்லா விண்டோக்களையும் விரித்துக் காட்டும் மிஷன் கண்ட்ரோலிலும் வராது என்பதால் அந்தப் பார்வையும் தெளிவாகிவிடும்.

ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்கு

கமாண்ட்-டேப் செயலிகளுக்கு இடையே மாறும். ஒரே செயலியின் விண்டோக்களுக்கு இடையே மாற, கமாண்டோடு எண் 1-க்கு இடப்பக்கம் இருக்கும் கீயை அழுத்த வேண்டும். பிரிட்டிஷ் அமைப்பில் உள்ள ஆப்பிள் கீபோர்டில் அந்தக் கீ இடது ஷிப்டை ஒட்டி இருக்கும். மாறி வந்தவர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் அறியாமலே இருக்கும் ஷார்ட்கட் இதுதான். இரண்டு வேர்ட் ஃபைல் பிரச்சினைக்கு விடையும் இதுதான். விண்டோஸில் ஓர் அடுக்கு மட்டுமே உண்டு, மேக்கில் இரண்டு. முதலில் செயலி, பிறகு அதற்குள் விண்டோ. கட்டைவிரல் கமாண்டில் இருக்கும்போதே டேப்பையும் அதன் மேலே உள்ள கீயையும் மாறி மாறித் தட்டலாம்.

கமாண்ட்-டேப் பட்டியல் திரையில் இருக்கும்போதே, கமாண்டை விடாமல், ஹெச் அழுத்தினால் தேர்ந்த செயலி மறையும். கியூ அழுத்தினால் முடியும். மேல் அம்புக்குறியை அழுத்தினால் அந்தச் செயலியின் விண்டோக்கள் எல்லாம் விரிந்து தெரியும். ஐந்தாறு பிடிஎஃப் திறந்திருக்கும் பிரிவியூவில் வேண்டியதைப் பார்த்து எடுக்க இது நல்ல வழி. கண்ட்ரோல்-கீழ் அம்புக்குறியும் இதே வேலையைச் செய்யும்.

இவ்வளவுக்குப் பிறகும் பழைய ஆல்ட்-டேப்தான் வேண்டும், ஒவ்வொரு விண்டோவும் படத்தோடு தனித்தனியாக வரிசையில் நிற்க வேண்டும் என்பவர்களுக்கு ஆல்ட்-டேப் என்ற பெயரிலேயே ஓர் இலவசச் செயலி இருக்கிறது. பகலில் அலுவலகத்தில் விண்டோஸ், இரவில் வீட்டில் மேக் என்று இரண்டிலும் வேலை செய்பவர்கள் அதை வைத்துக்கொள்வது நியாயம். முழுக்க மேக்குக்கு வந்துவிட்டவர்கள் ஒரு மாதமாவது இயல்பான முறையைப் பழகிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

விண்டோஸுக்கான கீபோர்டை மேக்கில் செருகியிருந்தால், ஸ்பேஸ்பாருக்குப் பக்கத்தில் கமாண்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஆல்ட் இருக்கும். அதை அழுத்தினால் ஆப்ஷன் வேலை செய்யும். சிஸ்டம் செட்டிங்ஸ், கீபோர்டு, கீபோர்டு ஷார்ட்கட்ஸ், மாடிஃபையர் கீஸ் என்று போய் ஆப்ஷனையும் கமாண்டையும் இடம் மாற்றிவிடுங்கள். இதைச் செய்யாமல் இந்த அத்தியாயத்தின் எந்த ஷார்ட்கட்டையும் கைக்குப் பழக்க முடியாது.

பச்சைப் பொத்தான்

2014இல் யோசெமிட்டி பதிப்பு வரும்வரை பச்சைப் பொத்தான் விண்டோவை உள்ளடக்கத்துக்கு ஏற்ற அளவில் பெரிதாக்கும். யோசெமிட்டியிலிருந்து அது ஃபுல் ஸ்கிரீனுக்குக் கொண்டுபோகிறது. விண்டோஸ் மேக்சிமைஸும் இதுவும் ஒன்றென்று நினைத்துத்தான் எல்லோரும் அழுத்துகிறார்கள். மேக் ஃபுல் ஸ்கிரீன் என்பது அந்த விண்டோவுக்கென்றே ஒரு தனி டெஸ்க்டாப்பை உருவாக்கி அதற்குள் கொண்டுபோய் வைப்பது. மற்ற விண்டோக்கள் பழைய டெஸ்க்டாப்பிலேயே நின்றுவிடும். அதனால்தான் ஒரு ஃபைலை இழுத்து இன்னொரு செயலியில் போடும் எளிய வேலைகூட அதில் சிக்கலாகிறது.

படம் பார்க்க, நீண்ட கட்டுரையைக் கவனம் சிதறாமல் எழுத, பாடம் நடத்த ஃபுல் ஸ்கிரீன் நல்லது. மற்ற வேலைகளுக்கு வேண்டாம். வெளியே வர கண்ட்ரோல்-கமாண்ட்-எஃப்.

மேக்சிமைஸ் வேண்டுமென்றால் செக்கோயாவிலும் அதற்குப் பிந்தைய பதிப்புகளிலும் எஃப்என்-கண்ட்ரோல்-எஃப் அழுத்துங்கள். மெனுவும் டாக்கும் இருந்த இடத்தில் இருக்க, மீதி இடம் முழுவதையும் விண்டோ நிரப்பும். இதையே டைட்டில் பாரில் டபுள் கிளிக் செய்தால் நடக்கும்படி வைக்கலாம். சிஸ்டம் செட்டிங்ஸில் டெஸ்க்டாப் அண்ட் டாக் பகுதியில், டைட்டில் பாரை டபுள் கிளிக் செய்தால் என்ன நடக்க வேண்டும் என்ற தெரிவில் ஃபில் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய பதிப்புகளில் ஆப்ஷனை அழுத்திக்கொண்டு பச்சையைக் கிளிக் செய்தால் பழைய வேலை நடக்கும். அப்போது சில செயலிகளில் விண்டோ முழு அகலத்துக்குப் போகாமல் பக்கத்தின் அகலத்தோடு நின்றுவிடுவதைப் பார்க்கலாம். உள்ளடக்கத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் என்ற மேக் மரபு அது.

திரை எவ்வளவு?

எம்2 சிப்போடு வந்த 13.6 அங்குல மேக்புக் ஏரின் திரையில் 2560க்கு 1664 பிக்சல்கள் உள்ளன. ஆனால் அது வேலைக்குத் தரும் இடம், வாங்கி வந்த நிலையில், 1470க்கு 956. எழுத்துகளைக் கூர்மையாகக் காட்டுவதற்காக ஒன்றுக்கு மேற்பட்ட பிக்சல்களைச் சேர்த்து ஒரு புள்ளியாகக் காட்டுவதால் இந்த வித்தியாசம். சிஸ்டம் செட்டிங்ஸில் டிஸ்ப்ளேஸ் பகுதிக்குப் போய் மோர் ஸ்பேஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் 1710க்கு 1112 கிடைக்கும். காசு செலவில்லாமல் திரையை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பெரிதாக்குவது இது. எழுத்துகள் அந்த அளவுக்குச் சிறுக்கும் என்பதுதான் விலை.

தமிழில் வேலை செய்பவர்கள் இதை முடிவு செய்யும் முன் ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். நீங்கள் வழக்கமாகப் படிக்கும் அளவில் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, வழக்கமாக உட்காரும் தொலைவிலிருந்து பாருங்கள். 'ன', 'ண' இரண்டின் சுழிகளும் எண்ணாமலே பிரிந்து தெரிகின்றனவா? மெய்யெழுத்தின் புள்ளி கண்ணில் படுகிறதா? இகரக் கொக்கியும் ஈகாரச் சுழியும் வேறுபடுகின்றனவா? ஆங்கில எழுத்து வசதியாகத் தெரியும் அளவில் தமிழ் எழுத்து கண்ணைச் சோதிக்கும். பிழை திருத்துபவருக்கு அந்த வேறுபாடே வேலை. தெளிவாகத் தெரியாவிட்டால் மோர் ஸ்பேஸை விட்டுவிட்டு நடுவில் இருக்கும் நிலையிலேயே இருங்கள். இடத்தை வேறு வழிகளில் மிச்சப்படுத்தலாம்.

முதல் வழி டாக். லேப்டாப் திரையில் அகலம் தாராளம், உயரம் குறைவு. கீழே இருக்கும் டாக் அந்தக் குறைவான உயரத்தில்தான் கை வைக்கிறது. டெஸ்க்டாப் அண்ட் டாக் பகுதியில் அதை இடப்பக்கத்துக்கு மாற்றி, அளவையும் குறைத்துவிடுங்கள். அண்மையில் பயன்படுத்திய செயலிகளைக் காட்டும் தெரிவையும் அணைத்துவிட்டால் டாக் நீளாது. டாக்கே கண்ணில் படக்கூடாது என்பவர்கள் ஆப்ஷன்-கமாண்ட்-டி அழுத்தினால் மறையும். கர்சரை ஓரத்துக்குக் கொண்டுபோனால் வரும். மெனு பாரையும் இப்படி மறைக்கலாம். ஆனால் புதிதாக வந்தவர்கள் அதைச் செய்ய வேண்டாம். மெனு எங்கே இருக்கிறது என்று கை பழக வேண்டிய காலம் இது.

இரண்டாவது வழி டேப்கள். பிரவுசரில் மட்டுமல்லாமல் ஃபைண்டர், பிரிவியூ, பேஜஸ் போன்றவற்றிலும் டேப் உண்டு. ஃபைண்டரில் ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்து பத்து விண்டோ சேர்ந்துவிட்டால் விண்டோ மெனுவில் மெர்ஜ் ஆல் விண்டோஸ் என்பதைக் கிளிக் செய்யுங்கள். பத்தும் ஒரே விண்டோவுக்குள் டேப்களாக வந்துவிடும்.

பக்கத்தில் பக்கம்

ஒரு மொழிபெயர்ப்பாளரின் திரையை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் பிரிவியூவில் ஆங்கில மூலத்தின் பிடிஎஃப், வலப்பக்கம் வேர்டில் தமிழ். பிடிஎஃப்பில் இருந்தபடி எஃப்என்-கண்ட்ரோல்-ஷிப்ட்-இட அம்புக்குறி அழுத்தினால் பிடிஎஃப் இடப்பாதியிலும், அதற்கு முன் பயன்படுத்திய வேர்ட் வலப்பாதியிலும் போய் நிற்கும். ஒவ்வொன்றாக வைக்க வேண்டுமென்றால் ஷிப்ட் இல்லாமல் எஃப்என்-கண்ட்ரோலோடு அம்புக்குறிகள். பழைய அளவுக்குத் திரும்ப எஃப்என்-கண்ட்ரோல்-ஆர். மவுஸில் செய்பவர்கள் விண்டோவை ஓரத்துக்கு இழுக்கலாம், அல்லது பச்சைப் பொத்தான்மேல் கர்சரைச் சற்று நிறுத்தினால் வரும் படங்களில் ஒன்றைத் தேரலாம். இப்படி வைத்த விண்டோக்களைச் சுற்றி ஒரு சிறு இடைவெளி விடப்படும். பதின்மூன்று அங்குலத் திரையில் அது வீண். டெஸ்க்டாப் அண்ட் டாக் பகுதியில் அணைத்துவிடுங்கள்.

ஆப்பிள் அல்லாத கீபோர்டுகளில் மேக்குக்குத் தெரியும் எஃப்என் கீ பெரும்பாலும் இருக்காது. மாடிஃபையர் கீஸ் பகுதியில் கேப்ஸ் லாக்கையே குளோப் கீயாக மாற்றிக்கொள்ளலாம். குளோப்தான் ஆப்பிள் கீபோர்டில் எஃப்என். இதைவிட எளிது ரெக்டாங்கிள் என்ற இலவச, ஓப்பன் சோர்ஸ் செயலி. கண்ட்ரோல்-ஆப்ஷனோடு அம்புக்குறி அழுத்தினால் பாதி, கண்ட்ரோல்-ஆப்ஷன்-என்டர் அழுத்தினால் முழுத் திரை. விண்டோக்களை நகர்த்துவதற்காக ஆக்சஸிபிலிட்டி அனுமதி கேட்கும். கொடுத்தால்தான் வேலை செய்யும். செக்கோயாவுக்கு முந்தைய பதிப்பில் இருப்பவர்களும் இதையே நிறுவிக்கொள்ளுங்கள். 2015இலிருந்து மேக்கில் இருக்கும் ஸ்பிளிட் வியூ இரண்டு விண்டோக்களையும் ஃபுல் ஸ்கிரீனுக்குள் கொண்டுபோய் அடைத்துவிடுவதால் அன்றாட வேலைக்கு உதவாது.

சரிபாதி என்பது எப்போதும் சரியான அளவல்ல. 1470இல் பாதி 735. ஆங்கிலப் பக்கம் அதில் வசதியாக அடங்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் குறுகிய பத்தியில் ஒரு வரிக்கு நாலைந்து சொற்களே நிற்கும். நடுக்கோட்டில் கர்சரை வைத்து இழுத்து, தமிழுக்கு ஐந்தில் மூன்று பங்காவது கொடுங்கள். மூலத்தைப் படிப்பதுதான், எழுதுவது இல்லை. அது ஒல்லியாக இருக்கலாம்.

இதற்கு அடுத்த படி, பக்கத்தில் பக்கம் வைப்பதையே விட்டுவிடுவது. மேசையில் தாள்களைப் பரப்பி வேலை செய்பவர் ஒவ்வொரு தாளிலும் தேவையான பகுதி தெரியும்படி ஒன்றின்மேல் ஒன்றைச் சரித்து வைப்பார். மேக்கில் விண்டோக்களை அப்படிச் சரிக்கப் பழகினால் சிறிய திரையும் பெரிதாகிறது. நம் மொழிபெயர்ப்பாளர் வேர்டை வலப்பக்கம் வேண்டிய அகலத்தில் வைத்துக்கொள்கிறார். அதன் அடியிலிருந்து பிடிஎஃப் இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் வலது வெற்று ஓரம் மட்டும் வேர்டுக்குக் கீழே மறைந்திருக்கிறது. அகராதியின் சிறு விண்டோ கீழ்மூலையில் எட்டிப் பார்க்கிறது. பிடிஎஃப்பை மேலே கொண்டுவராமலே, கர்சரை அதன்மேல் வைத்து இரண்டு விரலால் தள்ளினால் அது உருளும்; டைப் செய்வது வேர்டிலேயே தொடரும்.

இதற்கு உதவும் கைவேலைகள் சில உண்டு. கமாண்டை அழுத்திக்கொண்டு பின்னால் இருக்கும் விண்டோவின் டைட்டில் பாரை இழுத்தால் அது முன்னால் வராமலே நகரும். விண்டோவின் விளிம்பில் டபுள் கிளிக் செய்தால் அந்தப் பக்கம் மட்டும் திரையின் ஓரம்வரை நீளும். கீழ் விளிம்பில் செய்து பாருங்கள், அகலம் மாறாமல் உயரம் மட்டும் முழுதாகக் கிடைக்கும். ஆப்ஷனை அழுத்திக்கொண்டு ஒரு விளிம்பை இழுத்தால் எதிர் விளிம்பும் சேர்ந்து விரியும்.

வெறும் டெஸ்க்டாப்பில் கை தவறிக் கிளிக் செய்தால் எல்லா விண்டோவும் ஓரங்களுக்குப் பறந்துவிடுகிறதா? 2023இல் சோனோமாவோடு வந்த வழக்கம் அது. மீண்டும் ஒரு கிளிக்கில் திரும்பி வரும். டெஸ்க்டாப் அண்ட் டாக் பகுதியில் வால்பேப்பர் கிளிக் தெரிவை, ஸ்டேஜ் மேனேஜரில் மட்டும் என்று மாற்றினால் தொல்லை ஒழியும். விண்டோக்களைச் சரித்து வைத்து வேலை செய்பவர்களுக்கு இது கட்டாயம்.

ஸ்டேஜ் மேனேஜர் 2022இல் வென்ச்சுராவில் வந்தது. விண்டோக்களைக் குழுக்களாக்கி இடப்பக்கம் சிறு படங்களாக வைக்கும். பெரிய மானிட்டரில் சிலருக்குப் பிடிக்கிறது. லேப்டாப் திரையில் அந்த இடப்பக்கப் பட்டையே இடத்தைத் தின்கிறது என்பதால் நான் பரிந்துரைக்கவில்லை.

பல டெஸ்க்டாப்கள்

விண்டோஸ் 10 பல டெஸ்க்டாப் வசதியை 2015இல்தான் தந்தது. அதைத் தொட்டுப் பார்க்காதவர்களே அதிகம். மேக்கில் 2007இலிருந்து இருக்கும் ஸ்பேசஸ் அன்றாட வேலையின் பகுதி. கண்ட்ரோல்-மேல் அம்புக்குறி அழுத்தினாலோ டிராக்பேடில் மூன்று விரலால் மேலே தள்ளினாலோ மிஷன் கண்ட்ரோல் வரும். மேல் ஓரத்தில் உள்ள கூட்டல் குறியை அழுத்தினால் புது டெஸ்க்டாப் கிடைக்கும். பதினாறு வரை வைக்கலாம். மூன்று போதும்: எழுத்துக்கு ஒன்று, மெயிலுக்கும் பேச்சுக்கும் ஒன்று, மற்றதுக்கு ஒன்று.

தொடங்கும் முன் ஒரு தெரிவை அணைத்தே ஆக வேண்டும். அண்மையில் பயன்படுத்தியதன்படி ஸ்பேஸ்களைத் தானாக வரிசை மாற்றும் ஏற்பாடு, வாங்கி வந்த நிலையிலேயே இயங்கிக்கொண்டிருக்கும். நேற்று வலப்பக்கம் இருந்த மெயில் இன்று இடப்பக்கம் போய்விடும். பல டெஸ்க்டாப்பின் பயனே எது எங்கே என்று கை அறிந்திருப்பதில்தான் இருக்கிறது. அதை இந்த ஒரு தெரிவு கெடுத்துவிடுகிறது. டெஸ்க்டாப் அண்ட் டாக் பகுதியின் கடைசியில் மிஷன் கண்ட்ரோல் தலைப்பின்கீழ் இருக்கும். அணைத்த பிறகு, டாக்கில் ஒரு செயலியின் ஐகானை ரைட் கிளிக் செய்து, ஆப்ஷன்ஸ் போய், இந்த டெஸ்க்டாப்புக்கு என்று ஒதுக்கிவிடுங்கள். அகராதி, காலண்டர் போன்றவற்றை எல்லா டெஸ்க்டாப்புக்கும் ஒதுக்கலாம்.

விண்டோஸிலிருந்து வந்தவரின் விரல்கள் இங்கே ஒரு பொறியில் சிக்கும். சொல் சொல்லாகத் தாவ விண்டோஸில் கண்ட்ரோலோடு இட, வல அம்புக்குறி அழுத்துவோம். மேக்கில் அதுவே டெஸ்க்டாப் மாற்றும் ஷார்ட்கட். ஒரே டெஸ்க்டாப் இருக்கும்வரை ஒன்றும் நடக்காது; இரண்டாவதை உருவாக்கியதும் எழுதிக்கொண்டிருக்கும் பக்கம் திடீரென்று திரையைவிட்டு ஓடும். மேக்கில் சொல் தாவ ஆப்ஷனோடு அம்புக்குறி. பழக்கம் மாறும்வரை, கீபோர்டு ஷார்ட்கட்ஸில் மிஷன் கண்ட்ரோல் பகுதிக்குப் போய் இந்த இரண்டையும் அணைத்துவிட்டு, அங்கேயே இருக்கும் கண்ட்ரோல்-1, கண்ட்ரோல்-2 என்ற நேரடி எண் ஷார்ட்கட்களை இயக்கிக்கொள்ளுங்கள். எண்ணால் போவது அம்புக்குறியால் நகர்வதைவிட வேகம்.

கூடுதல் மானிட்டர்

வாங்கும் முன் உங்கள் கணினி எத்தனை மானிட்டரைத் தாங்கும் என்று பாருங்கள். எம்1, எம்2 மேக்புக் ஏர்கள் ஒரே ஒரு வெளி மானிட்டரைத்தான் ஏற்கும். எம்3 ஏர், மூடியைச் சாத்தி வைத்தால் இரண்டை ஏற்கும்; எம்4 ஏர், மூடி திறந்திருக்கும்போதே இரண்டை ஏற்கும். ஐபேட் வைத்திருப்பவர்கள் 2019இலிருந்து கிடைக்கும் சைட்கார் வழியாக அதையே இரண்டாவது திரையாக்கலாம். பொருந்தும் மாடலா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

27 அங்குல ஃபுல் ஹெச்டி மானிட்டரைத் தவிர்த்துவிடுங்கள். அடர்த்தி குறைந்த திரைகளில் எழுத்தை மென்மையாக்கிக் காட்டிய பழைய முறையை மேக் 2018இல் மொஜாவேயோடு கைவிட்டது. விண்டோஸில் நன்றாகத் தெரிந்த அதே மானிட்டரில் மேக் எழுத்துகள் சொரசொரப்பாகத் தெரியும். தமிழ்ச் சுழிகளில் அது இன்னும் கூடுதலாகப் படும். அந்த அளவில் 4கே வாங்கினால், 1920க்கு 1080 என்ற வேலையிடத்தை நான்கு மடங்கு பிக்சல்களால் வரைவதால் எழுத்து அச்சுப்போல இருக்கும்.

மானிட்டரைச் செருகியதும் டிஸ்ப்ளேஸ் பகுதியில் அரேஞ்ச் போய், இரண்டு திரைகளும் மேசையில் இருக்கும் நிலைக்கு ஏற்ப அடுக்குங்கள். இல்லாவிட்டால் கர்சர் தவறான ஓரத்தில் முட்டி நிற்கும். ஒவ்வொரு திரைக்கும் தனி டெஸ்க்டாப்கள் என்ற தெரிவு இயல்பாகவே இயங்கும். அது இருக்கும்வரை ஒரு விண்டோ இரண்டு திரையில் பாதிப்பாதியாக நிற்காது. அகன்ற எக்ஸெல் தாளை இரண்டு திரையிலும் பரப்ப வேண்டியவர்கள் மட்டும் அதை அணைத்து, ஒருமுறை லாக்அவுட் செய்து வாருங்கள்.

கடைசியாக, இரண்டு மொழியில் டைப் செய்பவர்களுக்கு. தமிழ்99, அஞ்சல் இரண்டு கீபோர்டு முறைகளும் மேக்கிலேயே இருக்கின்றன. தனியாக எதையும் நிறுவ வேண்டாம். விண்டோ மாறும் ஒவ்வொரு முறையும் மொழியையும் மாற்றிக்கொண்டிருந்தால் மேலே சொன்ன வேகமெல்லாம் வீணாகும். கீபோர்டு செட்டிங்ஸில் இன்புட் சோர்ஸஸ் பட்டியலுக்கு மேலே, ஆவணத்தின் இன்புட் சோர்ஸுக்குத் தானாக மாறும் தெரிவு ஒன்று உண்டு. அதை இயக்கினால் வேர்டுக்குப் போனதும் தமிழ்99, மெயிலுக்குப் போனதும் ஆங்கிலம் என்று விட்ட இடத்தில் விட்ட மொழி இருக்கும். அருகிலேயே இன்புட் மெனுவை மெனு பாரில் காட்டும் தெரிவையும் டிக் செய்துவிடுங்கள். 2022இலும் அதற்குப் பிறகும் வெளிவந்த ஏரிலும் 14, 16 அங்குல புரோக்களிலும் திரை உச்சியின் நடுவே கேமராவுக்கான வெட்டு இருக்கிறது. மெனு பாரில் ஐகான்கள் கூடிப்போனால் இடக்கோடியில் இருப்பவை அதற்கு அடியில் மறைந்துவிடும். கமாண்டை அழுத்திக்கொண்டு மொழி ஐகானை இழுத்து வலப்பக்கத்தில் கடிகாரத்துக்கு அருகே கொண்டுவந்து வையுங்கள்.